எம்.இ. எங்கே படிப்பது? இரண்டாம் ஆண்டிலிருந்து தேடத் தொடங்குங்கள்

தேவனாம்பட்டினம் போகும் வழியில், கடல் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடி வீடு இருக்கிறது. கட்டி இருபது வருஷம் ஆகியிருக்காது. சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிகிறது. கடலூர்க்காரர்களுக்கு இது புதுக் காட்சி இல்லை. சிவில் பி.இ. படித்துவிட்டு, அதன் மேற்படிப்பான எம்.இ. எங்கே சேரலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளை, நேரம் இருந்தால் அந்த வீட்டு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். "தம்பி, இதைப் பார்த்ததும் உனக்கு முதல்ல என்ன கேட்கத் தோணுது?" என்பேன்.

சிலர், "ஏன் சார் இவ்வளவு சீக்கிரம் துருப்பிடிச்சது?" என்பார்கள். நல்ல கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000, கடலோரக் கட்டடத்தைக் 'கடுமையான சூழல்' என்ற வகையில் வைக்கிறது. அங்கே கம்பி கட்டிய கான்கிரீட் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் இருக்க வேண்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல், அதாவது கவர் வேண்டும், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45ஐத் தாண்டக் கூடாது. நம் ஊரில் எத்தனை வீட்டில் அப்படிப் போட்டிருக்கிறார்கள்? இந்தக் கேள்வி மனதில் வருகிறவர்களுக்குக் கான்கிரீட் தொழில்நுட்பம், கட்டுமானப் பொருள்கள் பக்கம் ஈர்ப்பு இருக்கிறது.

சிலர், "மிச்சமிருக்கிற கம்பி இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும்?" என்பார்கள். அவர்கள் கட்டமைப்புப் பொறியியல், அதாவது ஸ்ட்ரக்சுரல் படிக்க வேண்டியவர்கள்.

வெகு சிலர்தான் இப்படிக் கேட்பார்கள்: "வீட்டில ஆள் இருக்கும்போதே வேலை பார்க்கணுமே, எத்தனை நாள் ஆகும், எத்தனை பேர் வேணும், என்ன செலவாகும், கான்ட்ராக்டர்கிட்ட எப்படி ஒப்பந்தம் போடறது?" இவர்களுக்காகத்தான் கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மை என்ற மேற்படிப்பே இருக்கிறது. இந்தக் கட்டுரையும் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

நான் பி.இ. முடித்து நான்கு வருஷம் சைட்டில் இருந்துவிட்டு எம்.இ. சேர்ந்தவன். சேரும்போது என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கல்லூரிப் பெயரையும் பஸ் வசதியையும் பார்த்துச் சேர்ந்தேன். அதில் இழந்தது ஒரு வருஷம் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நீங்கள் அதை இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: இந்தப் பட்டம் உங்களுக்கு வேண்டுமா?

டிஎன்பிஎஸ்சி உதவிப் பொறியாளர் வேலைதான் குறி என்றால் அதற்கு பி.இ. போதும். அந்த இரண்டு வருஷத்தைத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிடுங்கள். கட்டடத்தின் டிசைன் போட வேண்டும், ஸ்டாட் புரோ என்ற டிசைன் மென்பொருளில் வேலை செய்ய வேண்டும் என்றால் ஸ்ட்ரக்சுரல் எடுங்கள். கல்லூரியில் பாடம் எடுக்கும் எண்ணம் இருந்தால் எம்.இ. கட்டாயம், பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பும் வேண்டும்.

பெரிய கட்டுமான நிறுவனத்தில் பிளானிங், கான்ட்ராக்ட், குவாலிட்டி, செலவுக் கட்டுப்பாடு போன்ற பிரிவுகளுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு இந்தப் படிப்பு உண்மையிலேயே கைகொடுக்கும். வேலைத் திட்டமிடல், கருவிகள், சென்ட்ரிங் முறைகள், ஒப்பந்தச் சட்டம், தகராறு வந்தால் மத்தியஸ்தம், பாதுகாப்பு, செலவு, வீணைக் குறைக்கும் லீன் முறை, கட்டடத்தைக் கணினியில் மாதிரியாக உருவாக்கும் பிம் மாடலிங் எல்லாம் இதில் வரும். கான்ட்ராக்டர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இதைத் தாராளமாகச் சொல்வேன். அப்பா கையெழுத்துப் போட்ட டெண்டரில் எந்த வரி அவரைக் கடனாளியாக்கியது என்பது அங்கே படிக்கும்போதுதான் புரியும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு ரூபாய் செலவில்லாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. என்பிடெல் தளத்தில் சென்னை ஐஐடி பேராசிரியர் கோஷி வர்கீஸ் நடத்தும் திட்டமிடல் பாடமும், மனு சந்தானம் நடத்தும் கான்கிரீட் பாடமும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் முதல் இரண்டு வார வகுப்புகளைப் பாருங்கள். எதைப் பார்க்கும்போது மணி போனது தெரியவில்லையோ, அந்தப் பக்கம் போங்கள். ஆலோசனை மையத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாம் படி: பட்டத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்

எம்.இ. என்றாலும் எம்.டெக். என்றாலும் வேலைச் சந்தையில் ஒன்றுதான், அதில் குழப்பம் வேண்டாம். எம்.எஸ். என்பது சென்னை ஐஐடியில் ஆராய்ச்சிப் பட்டம். பாடம் குறைவு, ஆய்வு அதிகம், முடிக்க நாளாகலாம். எம்.பி.ஏ. கட்டுமான மேலாண்மை வேறு வகை. கட்டுமான மேலாண்மைக்கென்றே இருக்கும் நிக்மார் போன்ற இடங்களில் தருவது அந்த வழி. தனியார் நிறுவனத்தில் மேலாண்மைப் பக்கம் போகிறவர்களுக்கு அது சரி. ஆனால் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கத் தேவைப்படுவது பொறியியல் முதுகலைப் பட்டம்தான். பின்னாளில் அந்த எண்ணம் வந்தால் எம்.பி.ஏ. உதவாது.

அப்புறம், ஊர்ப் பெயரால் வரும் குழப்பம் ஒன்று நம் பக்கம் உண்டு. காலாப்பட்டில் இருக்கும் பாண்டிச்சேரி பல்கலைக்கழகம் மத்திய அரசின் பல்கலைக்கழகம். சிவில் படித்தவர்கள் தேட வேண்டியது அதை ஒட்டிப் பிள்ளைச்சாவடியில் இருக்கும் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பழைய பாண்டிச்சேரி பொறியியல் கல்லூரிதான் 2020இல் பல்கலைக்கழகமானது. புதுச்சேரி என்ஐடி என்று பெயர் கொண்டது காரைக்கால் திருவேட்டக்குடியில் இருக்கிறது. புதுச்சேரி நகரத்திலிருந்து அது 100 கிலோமீட்டருக்கு மேல். வீட்டிலிருந்து போய்வரலாம் என்று நினைத்துக் கலந்தாய்வில் விருப்பம் கொடுத்துவிடாதீர்கள்.

தபால் வழியிலோ ஆன்லைனிலோ எம்.இ. தருகிறோம் என்று யாராவது சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். பொறியியல் பட்டத்தைத் தொலைநிலையில் படிக்க அனுமதி இல்லை. வேலையில் இருந்தபடி படிக்க வேண்டுமென்றால் நேரில் வகுப்பு நடக்கும் பகுதிநேர எம்.இ. இருக்கிறது. அதைத் தேடுங்கள்.

மூன்றாம் படி: பட்டியல் போடுங்கள், பத்துக்கு மேல் வேண்டாம்

கடலூரில் இருந்து பார்த்தால் அருகில் இருப்பது சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது, 2013இலிருந்து தமிழக அரசின் கையில் இருக்கிறது. சிவில் மற்றும் ஸ்ட்ரக்சுரல் துறை அங்கே பழைய, பெரிய துறை. ஸ்ட்ரக்சுரல் படிக்க நினைக்கிறவர்கள் அதைத் தாண்டிச் சென்னைக்கு ஓடும் முன் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம், இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். அங்கே கட்டுமானப் பொறியியல் மற்றும் மேலாண்மையில் எம்.இ. இருக்கிறது. அடையாறு பக்கம் போனால் சென்னை ஐஐடி. கட்டடத் தொழில்நுட்பம், கட்டுமான மேலாண்மை இரண்டுக்கும் சேர்த்து சிவில் துறைக்குள்ளேயே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். திருச்சி என்ஐடி, சூரத்கல், வாரங்கல் என்ஐடிகளில் 'கட்டுமானத் தொழில்நுட்பம் மற்றும் மேலாண்மை' என்ற பெயரில் எம்.டெக். இருக்கிறது. வேலூர் விஐடி, எஸ்ஆர்எம் போன்ற தனியார் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்பில் இருக்கும் தனியார் கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு.

இதில் மூன்று எட்டாத உயரம், நான்கு முயன்றால் கிடைக்கும், இரண்டு உறுதியாகக் கிடைக்கும் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் அந்த ஆண்டுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் அனுமதி பெற்ற பாடமா, எத்தனை இடம் என்பதை ஏஐசிடிஇ தளத்திலேயே பார்க்கலாம். கல்லூரிக்கு நாக் சான்று இருப்பது வேறு, உங்கள் பாடத்துக்கு என்பிஏ அங்கீகாரம் இருப்பது வேறு. நாக் கல்லூரி முழுவதையும் மதிப்பிடுவது. என்பிஏ ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத் தருவது. "எங்களுக்கு என்பிஏ இருக்கு" என்று சொன்னால், "பி.இ.க்கா, எம்.இ.க்கா?" என்று கேளுங்கள்.

நான்காம் படி: இரண்டாம் ஆண்டைச் சோதியுங்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதல் ஆண்டு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கணிதம், புள்ளியியல், திட்டமிடல், கான்கிரீட், நான்கைந்து எழுத்துத் தேர்வுகள். நல்ல மாணவன் எங்கே இருந்தாலும் அதைப் படித்துக்கொள்வான். மூன்றாம் செமஸ்டரில் விருப்பப் பாடங்களும் ப்ராஜெக்டின் முதல் பகுதியும், நான்காம் செமஸ்டர் முழுக்க ப்ராஜெக்டும் வரும். அங்கேதான் ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். யார் வழிகாட்டுகிறார், எந்த ஆய்வகத்தைத் திறந்து கொடுக்கிறார்கள், எந்த சைட்டுக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தீர்மானிக்கிறது. வேலைக்கான நேர்காணலில் முதல் கேள்வியே, "ப்ராஜெக்ட் என்ன பண்ணினே?" என்பதுதான்.

நான் படித்த இடத்தில் பாடத்திட்டப் புத்தகத்தில் விருப்பப் பாடங்கள் பன்னிரண்டுக்கு மேல் அச்சாகியிருந்தன. ஒப்பந்தச் சட்டமும் லீன் முறையும் படிக்கலாம் என்று ஆசையாகச் சேர்ந்தேன். மூன்றாம் செமஸ்டர் வந்தபோது, "சார் இல்லப்பா, இந்த மூணுதான் நடக்கும்" என்றார்கள். பன்னிரண்டில் மூன்று. அதனால் புத்தகத்தைப் பார்க்காதீர்கள். "போன வருஷம் எந்த விருப்பப் பாடங்கள் உண்மையில் நடந்தன?" என்று இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள்.

அடுத்து நூலகத்துக்கோ துறை அலுவலகத்துக்கோ போய், கடந்த மூன்று ஆண்டு எம்.இ. ப்ராஜெக்ட் அறிக்கைகளைப் பார்க்கக் கேளுங்கள். பெரும்பாலும் காட்டுவார்கள். தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள், தரவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்தப் பாடத்தில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. 'கட்டுமானத் தாமதத்துக்கான காரணங்கள்' என்று ஒரு தலைப்பு, ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லி ஒரு கேள்வித்தாள், ஐம்பது பேரிடம் வாங்கி ஒரு அட்டவணை, காரணங்களை வரிசைப்படுத்தி ஒரு முடிவு. ஒழுங்காகச் செய்தால் அதுவும் ஆய்வுதான். ஆனால் பத்து அறிக்கையில் எட்டு அப்படி இருந்தால், அந்தத் துறைக்கு சைட்டோடு உறவு இல்லை என்று அர்த்தம். நிஜமான சைட்டில் எடுத்த அளவு, நிஜமான பில், நிஜமான கால அட்டவணை, ஆய்வகத்தில் வலிமை பார்க்க உடைத்த கான்கிரீட் கியூப் இவற்றில் ஏதாவது அந்த அறிக்கைகளில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆய்வகத்தைப் பார்க்கவும் ஒரு வழி சொல்கிறேன். கியூப்களைத் தண்ணீரில் ஊறவைக்கும் கியூரிங் தொட்டியை எட்டிப் பாருங்கள். கியூப்களின் மேல் மார்க்கரில் வார்த்த தேதி எழுதியிருக்கும். இந்த மாதத் தேதி இருந்தால் அங்கே வேலை நடக்கிறது. தொட்டி காய்ந்திருந்தால், பக்கத்தில் நிற்கும் விலையுயர்ந்த இயந்திரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கணினி அறையில் பிரைமாவேரா, ரெவிட் போன்ற மென்பொருள்கள் உரிமத்தோடு இருக்கின்றனவா, மாணவர்கள் மாலையிலும் உட்காரலாமா என்று விசாரியுங்கள்.

ஆசிரியர்களைப் பற்றி: எத்தனை பேர் பிஎச்.டி. முடித்தவர்கள் என்ற எண்ணிக்கையைவிட, உங்கள் பாடத்துக்குப் பொருத்தமானவர்கள் எத்தனை பேர் என்பது முக்கியம். சிவில் துறையில் இருபது ஆசிரியர் இருக்கலாம், அதில் கட்டுமான மேலாண்மைக்காரர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். நீர்வளம் படித்தவரே ஒப்பந்தச் சட்டமும் எடுப்பார். அவர் மேல் தப்பில்லை, ஆனால் உங்களுக்கு அது போதாது. ஒரு வழிகாட்டியிடம் எத்தனை மாணவர்கள் என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த பையனோடு ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அட்மிஷன் அறையிலேயே, "வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கலாம், தேர்வுக்கு வந்தா போதும், வருகைப்பதிவை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். அவனுக்கு அது சலுகையாகத் தெரிந்தது. வெளியே வந்து டீ குடித்தபடி, இரண்டாம் ஆண்டு என்று ஒன்றே இல்லாத கல்லூரி அது என்று விளக்கினேன். முழுநேர எம்.இ.க்கு வராமலே பட்டம் என்று யார் சொன்னாலும் பட்டியலில் இருந்து அடித்துவிடுங்கள்.

ஊரையே பாடமாக எடுங்கள்

இது படி என்று சொல்ல முடியாது, ஆனால் எனக்குப் பிடித்த பகுதி. ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடி எங்கேயும் போக வேண்டாம், நம் ஊரே ஒரு சோதனைக்கூடம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. கெடிலமும் தென்பெண்ணையும் பெருகினால் எந்தச் சாலை போகும் என்று நமக்கு மனப்பாடம். பெயர்ந்த சன்ஷேடு தெருவுக்கு நான்கு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சாம்பல் குவிகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மற்ற சாம்பலைப் போல நடந்துகொள்ளாது, அதை வைத்தே பல ஆய்வுகள் செய்யலாம். விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைக்காக நம் பகுதியில் நடந்த நில எடுப்பும் தாமதமும் ஒப்பந்தப் பாடத்துக்கு நேரடி உதாரணம்.

புதுச்சேரியில் இன்னொரு உலகம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது, பிறகு பழைய தோற்றத்திலேயே எழுப்பினார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் வேலையில் ஆர்வம் இருந்தால், பிரெஞ்சுத் தெருக்களில் ஒரு மாலை நடந்தாலே பத்துக் கேள்வி கிடைக்கும். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989இலிருந்து அழுத்திய மண் கல்லில் வேலை செய்கிறது, பயிற்சியும் தருகிறது. எம்.இ. சேரும் முன் கிடைக்கும் விடுமுறையில் அப்படி ஒரு பயிற்சிக்குப் போய்வந்த மாணவன், ப்ராஜெக்ட் வழிகாட்டியிடம் வெறுங்கையோடு போய் நிற்க மாட்டான்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது இப்படி ஒரு தலைப்பை மனதில் வைத்துக்கொண்டு ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். "நல்லா இருக்கே, உப்பு எவ்வளவு உள்ளே போயிருக்குன்னு எப்படி அளப்பே?" என்று அவர் திருப்பிக் கேட்டால், அந்த இடத்தைப் பட்டியலில் மேலே ஏற்றுங்கள். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதல்ல ஃபீஸ் கட்டுங்க" என்றால் உங்களுக்கே புரியும். சென்னையில் படிக்கிறவர்கள், தரமணியில் இருக்கும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் ப்ராஜெக்ட் செய்ய அந்தத் துறை அனுப்புகிறதா என்றும் கேட்கலாம்.

வேலைவாய்ப்புக் கணக்கை எப்படிப் படிப்பது

விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் இருக்கும் சம்பளம் பெரும்பாலும் பி.இ. கணினி மாணவருடையது. அதை விடுங்கள். மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரத்தைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கும். அதில் இரண்டாண்டு முதுகலைக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுமட்டச் சம்பளம் எவ்வளவு என்று தனி வரி இருக்கும். தரவரிசை எண்ணைவிட அந்த வரி பயனுள்ளது. ஆனால் அது எல்லாத் துறை முதுகலைக்கும் சேர்த்த கணக்கு. உங்கள் துறைக்கு மட்டும் தெரிய வேண்டுமென்றால், போன ஆண்டு முடித்த நான்கைந்து பேரை லிங்க்டுஇன்னில் தேடி, இப்போது எங்கே என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒருவருக்காவது எழுதிக் கேளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கூச்சப்பட்டு இதைச் செய்வதில்லை. கேட்டால் பெரும்பாலும் பதில் வரும்.

ஐந்தாம் படி: தேர்வும் நாள்காட்டியும்

பொறியியல் மேற்படிப்புக்கான அகில இந்தியத் தேர்வான கேட் தேர்வை எழுதிவிடுங்கள், எந்தக் கல்லூரிக்குப் போவதாக இருந்தாலும். பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்துவிடும். மூன்றாம் ஆண்டு மாணவரும் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். 100 மதிப்பெண்ணில் பொதுத்திறன் 15, கணிதம் 13. இந்த 28ஐ நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். சிவில் பாடத்தை மட்டும் ஆறு மாதம் உருப்போடுவதற்குப் பதிலாக, தினம் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

மார்ச்சில் முடிவு வந்ததும் ஐஐடிகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும், இடம் ஒதுக்குவதை ஏற்பதும் மறுப்பதும் கோப் என்ற பொதுத் தளத்தில். என்ஐடிகளுக்கு, காரைக்கால் உட்பட, சிசிஎம்டி கலந்தாய்வு. அண்ணா பல்கலைக்கழகத்துக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் டான்கா கலந்தாய்வு. அதற்கு கேட் மதிப்பெண்ணும் செல்லும், இல்லாதவர்கள் சீட்டா நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். முன்பு டான்செட் என்று எம்.இ.க்கு எழுதியதுதான் 2023இலிருந்து சீட்டா. பழைய பெயரைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தால் அறிவிப்பு தவறிவிடும். பொங்கல் முடிந்ததும் அண்ணா பல்கலைக்கழகத் தளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். புதுச்சேரியில் குடியிருப்பவர்கள் அந்த அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் அறிவிப்புகளையும், சிதம்பரம் விரும்புகிறவர்கள் அண்ணாமலைப் பல்கலைக்கழக அறிவிப்பையும் தனியாகக் கவனிக்க வேண்டும்.

எல் அண்ட் டி நிறுவனத்தின் பில்ட் இந்தியா உதவித்தொகை பற்றிக் கடைசி ஆண்டு மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனமே தேர்வு வைத்து எடுத்து, ஐஐடி, என்ஐடியில் கட்டுமான மேலாண்மை எம்.டெக். படிக்க வைத்து, முடித்ததும் வேலை தரும். குறிப்பிட்ட காலம் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியை வீட்டில் எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.

ஆறாம் படி: பணம்

கேட் தேர்ச்சியோடு ஏஐசிடிஇ அனுமதி பெற்ற கல்லூரியில் முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதிகபட்சம் 24 மாதம். முழுதும் வந்தால் 2,97,600 ரூபாய். அரசுக் கல்லூரியில் இது கட்டணத்தையும் சாப்பாட்டையும் பெரும்பாலும் தாங்கிவிடும். ஆனால் கல்லூரி உங்கள் பெயரைக் குறித்த தேதிக்குள் ஏஐசிடிஇ தளத்தில் பதிந்தால்தான் வரும். "சீனியர்களுக்கு மாதாமாதம் வருகிறதா?" என்று கேட்டே சேருங்கள். சேர்ந்தபின் கேட்டால் பயனில்லை.

கல்விக் கடன் 7.5 லட்சம் வரை பிணையம் இல்லாமல் கிடைக்க வழி இருக்கிறது, வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் என்று சொல்லும்போது கல்விக் கட்டணத்தோடு தேர்வு, ஆய்வகம், விடுதி, மெஸ், ப்ராஜெக்டுக்கு ஆகும் செலவு எல்லாவற்றையும் நான்கு செமஸ்டருக்குக் கூட்டி ஒரே எண்ணாக எழுதுங்கள். கியூப் வார்க்கும் சிமெண்டும் வெளி ஆய்வகச் சோதனைகளும் பல இடங்களில் மாணவர் தலையில்தான் விழும்.

வெளிநாடு என்றால்

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. இந்திய மாணவருக்கு, சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்று கட்டாயம், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். பிரிட்டனில் ஒரே வருஷத்தில் முடியும், அதனால் நிஜமான ப்ராஜெக்டுக்கு மூன்று நான்கு மாதம்தான் கிடைக்கும். அமெரிக்காவில் ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு பட்டங்களில் ஒன்று அந்த அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. படிப்புக்குப் பின் வேலை செய்யக் கிடைக்கும் காலம் அதைப் பொறுத்தது என்பதால், பட்டத்தின் குறியீட்டு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். நம் ஊரில் பலர் வளைகுடாவுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு உள்ளூர்ப் பட்டமும் சைட் அனுபவமும் போதும், சான்றொப்பத்துக்குத் தகுந்த முறையான பட்டமாக இருந்தால் சரி. இரண்டு வருஷமாவது சைட்டில் நின்றுவிட்டு வெளிநாட்டுப் படிப்புக்குப் போவது நல்லது என்பது என் கருத்து.

ஏழாம் படி: போய்ப் பாருங்கள், பிறகு கட்டுங்கள்

சிதம்பரத்துக்கும் காலாப்பட்டுக்கும் கடலூரில் இருந்து காலையில் கிளம்பினால் மாலைக்குள் வீடு வந்துவிடலாம். சென்னை, திருச்சிக்கு ஒரு இரவு தங்க நேரலாம். அந்தச் செலவை யோசிக்காதீர்கள், இரண்டு வருஷப் படிப்போடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. வேலை நாளில் போங்கள், கல்லூரி விழா நாளில் போகாதீர்கள். அப்பா அம்மாவை அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் கேண்டீனுக்குப் போய் இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் தேடுங்கள். எந்த விருப்பப் பாடம் நடந்தது, வழிகாட்டி வாரம் எத்தனை முறை பார்க்கிறார், உதவித்தொகை வருகிறதா, கோடையில் எந்த சைட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் இங்கேயே சேர்வாயா. இந்த ஐந்தையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒன்றையே சொன்னால் நம்பலாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதே, மறப்பதற்கு முன், ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நான்கு கல்லூரி பார்த்தபின் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கலந்தாய்வு நாளுக்கு முன் பட்டச் சான்று அல்லது தற்காலிகச் சான்று, எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கேட் அல்லது சீட்டா மதிப்பெண் அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் ஒரு பென்டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். பி.இ.யில் அரியர் இருந்தால் கடைசித் தேதிக்குள் முடிவு வருமா என்று இப்போதே தேர்வுப் பிரிவில் கேளுங்கள். சேரும் கல்லூரி அசல்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018லேயே அறிவித்திருக்கிறது. யாராவது, "படிப்பு முடியட்டும், அப்புறம் தர்றோம்" என்றால் அந்த அறிவிப்பைக் காட்டி அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தே ஆக வேண்டியதாக இருந்தால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று முத்திரையோடு எழுதி வாங்கிய பிறகு கொடுங்கள்.